மூன்றாவது மணி

அம்பலவாணனின் மாடி வீடு நான்கு மாதமாகக் காலியாக இருந்தது. அன்று கூடத்தின் நடுவே சட்டப்படி திரை கட்டியிருந்தார்கள். வீடு கேட்டு வந்தவர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாதபடி குரலை மாற்றியிருந்தார்கள். மேஜையில் நகராட்சி கொடுத்த மணி இருந்தது. வீட்டுக்காரர் பாகுபாடு பார்த்தால் அது அடிக்கும். மூன்று முறை அடித்துவிட்டால் மறுக்கிற உரிமை போய்விடும், வந்தவருக்கே வீடு.

"சொந்த ஊர்ல எந்தத் தெரு?"

மணி அடித்தது.

"சும்மா பேச்சுக்குக் கேட்டேன். ஞாயித்துக்கிழமைன்னா என்ன சமைப்பீங்க?"

மறுபடியும் அடித்தது.

"என் வீட்டுல யார் இருக்கணும்னு நான் முடிவு பண்ணக் கூடாதா? இது என்ன நியாயம்?" என்று மணியிடமே கேட்டார். அதற்கு மணி அடிக்கவில்லை. நியாயம் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

மனைவி கமலவேணி மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். "இனிமே வாயைத் தெறக்காதீங்க," என்று அவர் காதில் சொன்னாள்.

அவர் திறக்கவில்லை. ஒரு டம்ளர் காப்பியைச் சத்தமில்லாமல் காகிதக் கப்பில் ஊற்றி, திரைக்கு அடியில் நகர்த்தினார்.

மணி அடித்தது.

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. கப்பைத் தொடாமல், சாவிக்காக விரிந்தது.

"காப்பிய மேல போய் நானே போட்டுக்கறேன் சார். உங்களுக்கும் ஒரு டம்ளர் அனுப்பவா?"

அம்பலவாணன் யோசித்துக்கொண்டே இருந்தார்.

"சர்க்கரை கம்மியா," என்றாள் கமலவேணி.