பஞ்சாலையின் நெஞ்சு வலி

நெஞ்சு வலியால் துடிப்பதாகச் சொல்லப்பட்ட பஞ்சாலை, வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கிய தங்கராஜுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கு நெஞ்சு வலி?"

"எனக்குத்தான் தம்பி. இப்பதான் விட்டுச்சு. கோப்பி போடட்டுமா?"

அவன் டிரைவராகச் சேர்ந்து மூன்று வாரம்தான். அதற்குள் மந்தின் ஊரைத் தாண்டியிருக்கும் இந்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்தே மூன்று அழைப்பு. முதலில் பாம்புக்கடி என்றார்கள். வந்து பார்த்தால் முள் குத்தியிருந்தது. அடுத்தது வலிப்பு, வலிப்பு வந்தவன் பந்து விளையாடப் போயிருந்தான். இப்போது இது.

மூன்று முறையும் போன் செய்தது ஒரே ஆள்தான். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் முனியாண்டி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

"வாங்க தம்பி."

"என்னய்யா விளையாட்டு இது? சைரன் போட்டு, லோரிக்காரனையெல்லாம் ஒதுக்கிக்கிட்டு, உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு வர்றேன். இந்தக்கா அரிசி புடைக்குது!"

"கல்லு நிறையக் கிடக்குலா தம்பி," என்றாள் பஞ்சாலை.

தங்கராஜு அழைப்பு விவரம் எழுதும் படிவத்தை எடுத்தான்.

"மூணாவது தடவையும் பொய் அழைப்புன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமில்ல? அப்புறம் நீங்க கூப்பிட்டா வண்டி வராது. மானேஜர்தான் கூப்பிடணும். உங்க வேலையும் போயிடும்லா."

"தெரியும். எழுதுங்க."

மானேஜர் பாதி நாள் கோலாலம்பூரில் இருப்பவர் என்பது அவனுக்கும் தெரியும். பேனா நின்றது.

"நான் இங்க நிக்கிற நேரத்துல, வேற எங்கயாவது நிஜமாவே ஒரு உசிரு வண்டி இல்லாம போச்சுன்னா?"

"ஆஸ்பத்திரியில இன்னொரு வண்டி சும்மா நிக்குதான்னு கேட்டுட்டுத்தான் உங்களக் கூப்பிடுவேன். ஒரு தடவை இல்லைன்னாங்க. போனை வச்சிட்டேன்."

"அப்ப தெரிஞ்சேதான் பண்றீங்க!"

பஞ்சாலை சுளகைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் என் மக லெட்சுமிக்குப் பிரசவ வலி தம்பி. அன்னிக்கும் புது டிரைவர்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம். ஒரு பலகை கிடையாது. பாவம், அவரு முச்சந்தியில தப்பாத் திரும்பி ஆத்தங்கரைக்குப் போயிட்டாரு. வந்து சேர ஒன்றரை மணி நேரம்."

சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"பேத்தி இருக்கா. மக இல்ல."

தங்கராஜு பேனாவை மூடினான்.

"பலகை வைங்க, புதுசா வர்ற டிரைவருக்கு வழி காட்டுங்கன்னு மேலிடத்துக்கு நாலு கடுதாசி போட்டேன்," என்றார் முனியாண்டி. "பரிசீலனையில இருக்காம். அது முடியற வரைக்கும் நோய் காத்திருக்குமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். மூன்று தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வண்டி வந்து சேர எடுத்த நிமிடங்கள். ஐம்பத்தைந்து. நாற்பது. இன்றைக்கு இருபத்தாறு.

இன்று வழியில் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை என்பது தங்கராஜுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இனிமே சும்மா கூப்பிட மாட்டோம் தம்பி. உங்களுக்கு வழி தெரிஞ்சு போச்சு."

தங்கராஜு மறுபடியும் பேனாவைத் திறந்தான். 'பொய் அழைப்பு' என்ற கட்டத்தை விட்டுவிட்டு, அதன் கீழே 'வழிப் பயிற்சி' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வண்டியில் ஏறியவன் தலையை வெளியே நீட்டினான்.

"ஐயா, அடுத்த வாரம் இன்னொரு புது டிரைவர் வர்றாரு. நீங்க போன் பண்ணிடாதீங்க. நானே கூட்டிட்டு வர்றேன்."