வாரம் ஒரு கேள்வி

"இன்னிக்கு என்னா கேக்கட்டும், பூரணியக்கா?" கேஷிகா கைபேசியை எடுத்தாள்.

"மழைக்கு வெளிய போகாத தேனீக்கு என்னா குடுக்கிறதுன்னு கேளு புள்ள."

தலவாக்கலை தேனீ வளர்ப்புக் குழுவுக்கு ஞாயிறுதோறும் ஏதாவது சந்தேகம் வரும். குரல் செய்தி அனுப்பினால், றொசல்லை ஊர்க் குழுவிலிருந்து லோஜனா பதில் சொல்வாள்.

"ஒங்ககிட்ட ஒரு தேனீப் பெட்டிகூட இல்ல, எதுக்குக்கா வாராவாரம் கேள்வி? அதையும் நானே கேக்கணுமா?"

"எனக்கு அப்படிப் பேச வராது புள்ள."

பதில் வந்தது. "சீனியத் தண்ணியில கரைச்சுப் பெட்டிக்குள்ள வைங்க..." பூரணி கைபேசியைக் காதோடு ஒட்டிவைத்து மூன்று தடவை கேட்டாள்.

நான்கு வருடங்களுக்கு முன், விரும்பியவனைக் கட்டிக்கொண்டதற்காக "இனிமே என்கூடப் பேசாத" என்று அவளே அனுப்பிவிட்ட மகளின் குரல் அது.

மறுபடி ஒரு செய்தி வந்தது.

"கேஷிகா, ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்குப் பின்னால இருமுறது எங்கம்மாதானே? அடுத்த கேள்விய அவங்களையே கேக்கச் சொல்லுங்க."

பூரணி தானே குரல் பதிவை அழுத்தினாள். தேனீயைப் பற்றி ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"லோஜி... நான் றொசல்லைக்கு வரலாமா?" என்று கேட்டாள்.