டயபர் மேசை

மகளைச் சேர்க்கலாமா என்று குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்க வந்த தாய், டயபர் மேசையருகே அசந்து நின்றுவிட்டாள். அங்கே ஒரு பெண், புதுத் தாள் விரித்துக் குழந்தையைக் கிடத்தி, முன்னிருந்து பின்னாகத் துடைத்தாள். அழுக்கு டயபரைச் சுருட்டி, மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போட்டாள். தன் கையோடு குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். கடைசியில் மேசையையும் கிருமிநாசினி தெளித்துத் துடைத்தாள்.

"இந்த ஆயாகிட்டயே என் பொண்ணை விடுங்க மேடம்," என்றாள் இடத்தைச் சுற்றிக் காட்டிய நிர்வாகியிடம்.

நிர்வாகியின் முகம் சிறுத்தது. "அவங்க ஆயா இல்லைங்க. இங்க வர்ற ஒரு குழந்தையோட அம்மா. போன மாசம் எங்க அலட்சியத்தால அந்தக் குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதிலேருந்து தினமும் மதியம் வந்து எங்களுக்குக் கத்துக்கொடுக்கறாங்க."

"வேற இடத்துக்கு மாத்தியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'என் பிள்ளையை மாத்திடலாம். மத்த பன்னெண்டு பிள்ளைங்களும் இங்கதானே இருக்கும்?'னாங்க."

வந்தவள் பேனாவைக் கேட்டு வாங்கி, சேர்க்கைப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.