முதலாளி பேசுவது போலவே

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் அர்த்தநாரியின் கம்பெனிக்குப் புது இணையதள மென்பொருள் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கும் வேலை மதிவதனியிடம் வந்தது. ஒன்பது வருடமாக அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஒரு நாள்கூட அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் கம்ப்யூட்டர், இங்க வா" என்பார். ஏதாவது தாமதமானால், "சோறுதான திங்கற?" என்பார்.

மூன்று மென்பொருள்களைப் பார்த்தாள். அவற்றில் இரண்டு, தளத்துக்கு வேண்டியதை நாகரிகமான நடையில் தாமே எழுதின. மூன்றாவது, முதலாளி ஆபீசில் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டு, அதே நடையில் தளத்தை நடத்தும். வாடிக்கையாளருக்குப் பதிலும் சொல்லும்.

"இது அப்படியே நீங்க பேசற மாதிரியே பேசுமுங்க," என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதையே வாங்கினார்.

இரண்டு மாதம் கழித்து, சரக்கு எப்போது வரும் என்று ஜெர்மனிக்காரர் ஒருவர் தளத்தில் கேட்டார். பதில் உடனே ஜெர்மன் மொழியில் போனது: "வர்றப்ப வரும். சோறுதான திங்கற?"

அர்த்தநாரி குதித்தார். "அந்தச் சனியனத் தூக்கிப் போடு."

"ஒப்பந்தம் அஞ்சு வருசமுங்க. நீங்க கத்தக் கத்த அது கத்துக்கும். மரியாதையாப் பேசுனாத்தான் மாறும். இப்பவும் கேட்டுட்டுத்தானுங்க இருக்குது."

மேசை மேலிருந்த மைக்கை அவர் பார்த்தார். ஆபீசே அவரைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க... பேரு என்னங்க?"

"மதிவதனிங்க."

"மதிவதனி, கொஞ்சம் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "இன்னொருக்கா சொல்லுங்க. அதுக்குச் சரியாக் கேக்கலைங்க."