காலி டிபன் பாக்ஸ்

“இந்த மாத்திரையை இன்னையோட நிறுத்திருதேன் சிஸ்டர். பிள்ளை உருகிப் போயிட்டா.”

எடை மிஷினில் மகள் முத்துக்கனி நின்றுகொண்டிருக்க, அனுசியா குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து தாய்மார்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இருபத்து நான்கு கிலோ. இப்போது இருபத்திரண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற வேண்டிய எடை இறங்கியிருந்தது.

நர்ஸ் முருகேஸ்வரி அட்டையில் குறித்துக்கொண்டாள். அந்தக் கிளினிக்கில் ஏடிஹெச்டி என்னும், ஓரிடத்தில் கவனம் நிற்காத கோளாறு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மாத்திரை விவரம் சொல்லி, சண்டையும் வாங்கிக்கொள்வது அவள் பொறுப்பு.

“ஸ்கூல்ல எப்படி இருக்கா?”

“அதுல குறையில்ல. முன்னெல்லாம் ஒரு நிமிஷம் பெஞ்சில இருக்கமாட்டா. இப்ப பரீட்சையை முழுசா எழுதிட்டு வாரா. ஆனா தொடங்கும்போதே இவ அப்பாகிட்ட சொல்லிட்டேன். பிள்ளை சாப்பாடு குறைஞ்சா அன்னைக்கே மாத்திரையைக் குப்பையில போட்டுருவேன்னு.”

“குறைஞ்சிருக்கா?”

“அதெப்படிக் குறையும்? என் சமையல்லா.” அனுசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நெய்ச்சோறு, முட்டை, மீன் வறுவல் எது வச்சாலும் டிபன் பாக்ஸ் காலியாத்தான் வருது. ஒரு பருக்கை மிஞ்சாது.”

முருகேஸ்வரியின் பேனா நின்றது.

“இந்த மாத்திரை சாப்பிடுத பிள்ளைகளுக்கு மத்தியானம் பசி மந்தமாத்தான் இருக்கும். பாக்ஸ் அப்படியே திரும்பி வருதுன்னு இங்க வந்து அழாத அம்மா இல்ல. உங்க வீட்டுலதான் அதிசயமா இருக்கு.”

அனுசியாவுக்குப் பொறி தட்டியது. பக்கத்தில் உட்காரும் பிள்ளை எவளோ பிடுங்கித் தின்கிறாள். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும். பொறி என்றைக்கு நம் வீட்டுப் பக்கம் தட்டியிருக்கிறது?

“சாப்பாடு யாரு கொண்டுபோறது?”

“இவுகதான். பன்னிரண்டு மணிக்குக் கடையில ஆளை உக்கார வச்சிட்டு, சுடச்சுட வாங்கிட்டுப் போவாக. பக்கத்துல இருந்து பிள்ளையைத் திங்க வச்சிட்டுத்தான் வருவாக.”

‘இவுக’ என்ற கணவர் செந்தூர்வேல், துறைமுகத்துப் பக்கம் வலைக்கயிறு கடை வைத்திருப்பவர். சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் நாலாவது பொத்தானை முருகேஸ்வரி பார்த்தாள். அது படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நீங்க ஒரு நிமிஷம் ஏறுங்க.”

“எனக்கு எதுக்கு சிஸ்டர்? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சும்மா ஏறுங்க.”

எண்பத்து மூன்று கிலோ.

அனுசியா மிஷினை எட்டிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் சுகர் பார்த்தபோது அவர் எடை எழுபத்தெட்டு. அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கேப்பைக் களியும் கீரையும்தான் போடுகிறாள்.

“ஏங்க, பிள்ளை சோத்தையா தின்னீக?”

செந்தூர்வேல் மெல்ல மிஷினை விட்டு இறங்கினார். வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அனுசியாவுக்கு மானமே போயிற்று.

“உடம்புல சுகரை வச்சுக்கிட்டு, பெத்த பிள்ளை வயித்துல அடிச்சிருக்கீகளே. வெளிய சொன்னா வெக்கக்கேடு.”

“அப்பாவைத் திட்டாதம்மா,” என்றாள் கனி. “எனக்கு மத்தியானம் பசிக்கவே இல்ல. ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது.”

“அது மாத்திரையோட குணம்,” என்றாள் முருகேஸ்வரி. “அதுக்காக நீங்களா நிறுத்திராதீங்கக்கா. காலையில மாத்திரைக்கு முன்னாடி வயிறு நிறையக் குடுங்க. சாயங்காலம் பசி திரும்பி வரும், அப்ப ஒரு சாப்பாடு குடுங்க. அப்பவும் எடை ஏறலைன்னா டாக்டர் அளவை மாத்துவாங்க. பாக்ஸ் மிச்சத்தோட வந்திருந்தா முதல் வாரமே இதைச் சொல்லியிருப்பேன். நீங்க மறைச்சதாலதான் அண்ணாச்சி, பிள்ளை இளைச்சுப் போயிட்டா.”

செந்தூர்வேல் தலை குனிந்துகொண்டார். அது அவருக்கு உறைத்தது.

அனுசியா விடுவதாக இல்லை. “பசிக்கலைன்னா மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டாந்திருக்கலாம்லா? அப்படி என்ன நாக்கு கேக்குது?”

“நாக்கா? பீட்ரூட்டைக் கண்டாலே எனக்குக் குமட்டும்னு உனக்குத் தெரியும்லா. வாரத்துல ரெண்டு நாள் அதையும் தின்னேன். உனக்குச் சந்தேகம் வந்திரக்கூடாதுன்னு, வீட்டுக்கு வந்து உன் களியையும் முழுங்கினேன்.”

“எதுக்கு இந்தக் கூத்து?”

செந்தூர்வேல் மகளின் தலையைத் தடவினார்.

“மத்தியானம் நீ அங்கன வந்து பார்த்ததில்ல அனுசியா. மாத்திரைக்கு முன்னால இவளை விளையாட எவளும் சேத்துக்க மாட்டா. ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. இப்ப நான் பாக்ஸைத் திறக்குமுன்ன ‘கனி, விளையாடச் சீக்கிரம் வா’ன்னு மூணு பிள்ளைக காத்துக்கிட்டு நிக்குது. சோறு மிஞ்சுதுன்னு நீ மாத்திரையைக் குப்பையில போட்டுட்டா, அதுக மறுபடி வந்து நிக்குமா?”