ரெண்டு விரல் மேலே

ஏழு வயது மகள் ஆரபி இறந்த பிறகு, சுகிர்தாவும் கணவனும் தங்கள் சிறிய வீட்டை ஸ்காண்டிநேவியப் பாணிக்கு மாற்றினார்கள். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தில் ஒரு மேசை, சாம்பல் நிற சோபா. தேவையில்லாத எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது அந்தப் பாணியின் சட்டம். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஆரபி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடத்தில், தலை எண்ணெயின் கறை மட்டும் வெள்ளையை மீறி வெளியே வந்துகொண்டிருந்தது. பெயின்டர் அந்தோணி இரண்டு முறை கறையை மறைக்கும் ப்ரைமர் அடித்துப் பூசிவிட்டுப் போயிருந்தார். ஒரு வருடம் கழித்து இன்று மறுபடியும் வந்தவர், சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் எப்படியும் வெளிய வந்துரும்மா. ஆனா போன தடவை இந்த ப்ளக்குக்கு நேரா இருந்துச்சு. இப்ப ரெண்டு விரல் மேல ஏறியிருக்கு."

"அவளுக்கு இப்ப ஒன்பது நடக்குது" என்றாள் சுகிர்தா.

அந்தோணி திறந்த பெயின்ட் டப்பாவை மறுபடி மூடினார்.

அவர் போனதும் அவள் சோபாவைச் சுவரிலிருந்து தள்ளி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கினாள்.