சம்பந்தி முன்னால் ஓர் இறுக்கு

மாமனார் பட்டையை இறுக்க வந்துவிட்டார்.

கையுறை, தொப்பி, மார்பில் 'அணித் தலைவர்' என்று பொறித்த சட்டை. ரேஸ் காரை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டுவது அவருக்குப் பதவியேற்பு விழா மாதிரி. இன்று சம்பந்தி வேறு வழியனுப்ப வந்திருந்தார். கேட்கவா வேண்டும்!

மருமகள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காரை ஓட்டுகிறவள் அவள்தான்.

நேர்கோட்டில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற பந்தயம் அது. போன தடவை மாமனார் காரின் உடம்பையே பிடித்து ட்ரெய்லரோடு அமுக்கிக் கட்டினார். வழியெல்லாம் குண்டும் குழியும். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெயைக் கக்கிவிட்டன. பச்சை விளக்கு எரிந்ததும் கார் பாதையோரச் சுவரைப் பார்த்துக் கிளம்பியது.

நாளையும் அப்படியானால் காரை விற்றுவிடுவதென்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

மாமனாரிடம் எடுத்துச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை முயன்றதில்லை.

அதனால் விடிந்ததும் விடியாததுமாக அவளே நான்கு டயர்களையும் பட்டை போட்டுக் கட்டிவிட்டாள். சக்கரம் நகராது. மேலே உடம்பு தன் ஸ்பிரிங்கில் இஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளும்.

மாமனாருக்கென்று தனியாக இரண்டு பட்டை. காருக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். இரு முனைக் கொக்கியும் ட்ரெய்லரிலேயே. காரைத் தொடவே தொடாது.

மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. ட்ரெய்லர் இனி ட்ரெய்லரை விட்டு எங்கும் போக முடியாது.

"பாத்தீங்களா சம்பந்தி? நான் கட்டினா மலையே புரண்டாலும் இது அசையாது!" என்று பானட்டில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

கார் ஜம்மென்று தலையாட்டியது.

அவள் சட்டென்று மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

மாமனார் அறைந்த கையை எடுக்கவில்லை. அப்படியே முழு உடம்பையும் பானட்டின்மேல் சாய்த்து, சம்பந்தியைப் படம் எடுக்கச் சொன்னார். ஒன்றுக்கு நாலாக எடுத்த பிறகுதான் மெல்ல நிமிர்ந்தார்.

அவள் இழுவை வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த மாமனார், ஜன்னல் வழியே சம்பந்திக்குக் கம்பீரமாகக் கையசைத்தபடி, உதடு பிரியாமல் சொன்னார்:

"சீக்கிரம் எடும்மா. நீ கொக்கி மாட்டியிருக்கிற லட்சணத்த உங்கப்பா குனிஞ்சு பாத்துட்டா என் மானம் கப்பலேறிடும்."